லினக்ஸில் விண்டோஸ் கேம்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கும் கணினியில் பலரும் முதலில் செய்வது, விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் டிரைவில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீம் கேம்களை அப்படியே லினக்ஸுக்கும் காட்டிவிடுவது. அத்தனை ஜிபியை மறுபடி ஏன் டவுன்லோட் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் 'பிளே' பட்டனை அழுத்தினால் கேம் தொடங்குவதுபோல் காட்டி, சில நொடிகளில் பழைய நிலைக்கே வந்து நிற்கும். பிழைச் செய்திகூட வராது.

விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் பயன்படுத்தும் மென்பொருளான புரோட்டான், ஒவ்வொரு கேமுக்கும் 'காம்பேட்டேட்டா' ஃபோல்டருக்குள் தனியாக ஒரு விண்டோஸ் சூழலை உருவாக்குகிறது. அதற்குள் 'சி:' என்ற பெயரிலேயே ஒரு சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) இருக்கும். விண்டோஸ் விதிப்படி ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. அதனால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. போதாததற்கு, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் அந்த டிரைவில் லினக்ஸால் எழுதவே முடியாமல் போகலாம். கேம்களுக்கென்று லினக்ஸின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4-இல் ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள். பாதித் தலைவலி அதோடு தீரும்.

கேம் ஓடவில்லை என்றதும் அந்த காம்பேட்டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்வார்கள். பல நேரம் அது வேலை செய்யும். ஆனால் கிளவுட் சேவ் இல்லாத கேம்களின் சேவ் ஃபைல்களும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். ஒருவர் மாதக்கணக்கில் ஆடியது ஒரே நொடியில் போய்விடும். அழிக்காதீர்கள், ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். பலன் ஒன்றுதான், இழப்பு இல்லை.

எங்கிருந்தோ டவுன்லோட் செய்த டிஎல்எல் ஃபைல்களைக் கேம் ஃபோல்டரில் கொட்டுவதும் வேண்டாம். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸின் அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் கிராபிக்ஸ் முறையான வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி இரண்டும் புரோட்டானுடனேயே வருகின்றன. கேம் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் டிரைவர். அதிலும் 32-பிட் வல்கன் லைப்ரரி இருக்கிறதா என்று பாருங்கள். 64-பிட் மட்டும் இருந்தால் புதிய கேம் ஓடும், 32-பிட்டான பழைய கேம் திறக்காது.

புரோட்டானுக்கு அடிப்படையான ஒயின் மென்பொருளை 'சூடோ' (ரூட், அதாவது நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஃபைல்களின் உரிமை ரூட்டுக்குப் போய்விடும். தவிர, தவறான புரோகிராம் ஒன்று முழுக் கணினியிலும் கை வைக்க வழி திறந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத கேம்கள் உண்டு. ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதலே புரோட்டானை ஆதரிக்கின்றன. ஆனால் அந்தந்த கேம் நிறுவனம் அனுமதித்தால்தான் பலன். வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. முன்பு ஓடிய ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸுக்கும் 2024-இல் கதவு மூடப்பட்டது. புரோட்டான் வெர்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் இது மாறாது. எனவே ஆன்லைன் கேம் என்றால் வாங்கும் முன்பே, எந்த கேம் லினக்ஸில் ஓடுகிறது என்று பயனர்கள் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் சமீபத்திய பதிவுகளைப் படியுங்கள். வாங்கிவிட்டு ஓடவில்லையா? 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.