பட்டாளத்தில் இருந்தவரை வீட்டில் நினைவில் வைத்திருப்பது எப்படி

எங்கள் அம்மப்பா இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இலங்கை இலகு காலாட்படையில் இருந்தவர். நாங்கள் சின்னப்பாட்டா என்று சொல்லும் அவருடைய தம்பி மலாயாவில் ரெயில்வே வேலைக்குப் போய், பிறகு சுபாஸ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார் என்று கேள்வி. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரில் மூத்தவர் பிரித்தானிய அரசரின் சீருடை போட்டார். இளையவர் அந்த அரசரோடு போர் புரியப் போனார். இருவரையும் பற்றி என் கைக்கு வந்து சேர்ந்தவை ஒரு தகரப் பெட்டியும் சில கதைகளும்தான். தபால் கந்தோரில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற பின், அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் கற்றதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டியை முதலில் திறக்காதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். கடதாசிகளை அடுக்கி முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தபோது, அம்மப்பாவோடு முகாமில் இருந்த ஒருவர் இணுவிலில் காலமாகிவிட்டார். அவரிடம் கேட்க இருபது கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

"தாத்தா பட்டாளத்தில் என்ன செய்தார்?" என்று கேட்டால் "நாட்டுக்காகப் போனார்" என்ற ஒரு வரிதான் வரும். பொருளைக் கேளுங்கள். லீவில் வரும்போது என்ன கொண்டுவந்தார், சப்பாத்தை எங்கே கழற்றி வைப்பார், இரவில் நித்திரையில் கத்துவாரா என்று கேளுங்கள். என் பெரியம்மாவுக்கு அப்போது ஏழு வயது. சப்பாத்து என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அம்மப்பா படலைக்கு வெளியிலேயே சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வளவுக்குள் வருவாராம். சப்பாத்துச் சத்தத்தில் குழந்தை பயந்து அழுததுதான் காரணமாம். அந்தக் குழந்தை என் அம்மா.

முதியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். கூப்பன் அரிசி வாங்கிய காலமா, பலாலியில் வெள்ளைக்காரர் விமான ஓடுபாதை போட்ட காலமா, 1948 சுதந்திரத்துக்கு முன்னா பின்னா, 1964 மார்கழிப் புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் காலம் தானாக ஒதுங்கி நிற்கும். தொலைபேசியில் பதிவு செய்யும்போது தொடக்கத்திலேயே தேதியையும் பேசுகிறவரின் பெயரையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒருநாளும் இருக்கவேண்டாம். களைத்துப்போனவர் நீங்கள் விரும்புவதைச் சொல்லத் தொடங்குவார்.

அடுத்தது கடதாசி. எங்கள் பெட்டிக்குள் அம்மப்பாவின் சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்றிதழ், பதினொரு கடிதங்கள், இரண்டு படங்கள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, அம்மா இவற்றைத் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு மழையில் சாவகச்சேரி வரை போனார். ஓரங்களில் இருக்கும் பழுப்புக் கறை அந்த மழையின் கறை. அதை அழிக்க நான் முயலவில்லை.

நம் ஊரில் எதையாவது பத்திரப்படுத்த வேண்டும் என்றால் உடனே லமினேட் செய்யக் கொடுக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. கடதாசி உள்ளேயே பழுதாகும். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவும் போடவேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நம் உப்புக் காற்றில் துரு பிடிக்காத இரும்பு இல்லை. ஒவ்வொரு தாளையும் வெள்ளைக் கடதாசி உறையில் தனித்தனியே வைத்து, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். கறையானும் இராமபாணப் பூச்சியும் திறக்காத பெட்டியைத்தான் தேடி வரும். படமெடுக்கும்போது பிளாஷ் போடாமல், காலை ஒன்பது மணிபோல் விறாந்தை நிழலில் தாளைத் தட்டையாக விரித்து நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். எடுத்ததில் ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் சகோதரருக்கு அனுப்பிவிடுங்கள். இந்த மண்ணில் ஒரே இடத்தில் வைத்த கடதாசிக்கு என்ன நடக்கும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பார்த்தவர்கள் நாங்கள்.

கடிதங்களைப் பற்றி ஒரு தபால்காரனாகக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். உறையை எறியாதீர்கள். கடிதத்துக்குள் "நான் சுகம், நீங்கள் சுகமா" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. இருக்கும் இடத்தை எழுதத் தடை, எழுதினாலும் தணிக்கை அதிகாரி அழித்துவிடுவார். உறைதான் பேசும். முத்திரைமேல் விழுந்த தேதி அச்சை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். திறந்து பார்த்து மீண்டும் ஒட்டிய தணிக்கைப் பட்டி ஓரத்தில் இருக்கும். இராணுவத் தபாலாக இருந்தால் ஊர்ப் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். அந்த இலக்கத்தைக் கொப்பியில் அப்படியே எழுதி வையுங்கள். சின்னப்பாட்டா மலாயாவிலிருந்து போட்ட கடைசிக் கடிதத்தின் உறையில் முத்திரை இல்லை. முத்திரை சேர்க்கும் ஆசையில் என் அண்ணன் சிறுவயதில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டார். தேதி அச்சில் பாதி முத்திரையோடு போய்விட்டது. மீந்த பாதியில் 'நவ' என்ற மாதத் துண்டும் 41 என்ற வருடமும் மட்டும் தெரிகின்றன. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் மலாயாவின் கோத்தபாருவில் இறங்கினார்கள், 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு தபாலே இல்லை. நாள் இலக்கம் தெரிந்திருந்தால் அவர் எழுதியது எத்தனை நாள் முன்பு என்று அறிந்திருப்பேன்.

பதக்கங்கள். இடப்பெயர்வின்போது அம்மப்பாவின் இரண்டு பதக்கங்களையும் பால்மாத் தகரத்தில் போட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனோம். 1996இல் திரும்பி வந்து தோண்டியபோது நாடாக்கள் உக்கிப்போயிருந்தன. பெரியம்மா அன்பு மேலீட்டால் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல் மினுக்கிவிட்டார். ஒன்றில் அரசரின் மூக்கு மழுங்கிவிட்டது. பதக்கத்தை மினுக்கவேண்டாம், மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும்.

நாடா இருந்தால் நிறத்தை வைத்தே பதக்கத்தை அடையாளம் காணலாம். இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பாருங்கள். இரட்டைத் தலை நாகம் போன்ற ஒன்றின்மேல் சிங்கம் ஏறி நின்றால் அது 1939–1945 யுத்தப் பதக்கம். மரக்கட்டையின்மேல் கிரீடமும் இருபக்கமும் இரண்டு சிங்கங்களும் இருந்தால் பாதுகாப்புப் பதக்கம். இரண்டின் முன்பக்கத்திலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருக்கும். முதலாம் யுத்தத்துப் பதக்கமாக இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பெயரும் படை இலக்கமும் பொறித்திருக்கும். இரண்டாம் யுத்தத்தின் பிரித்தானியப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை. ஆகவே எந்தப் பதக்கம் யாருடையது என்று இன்றே ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள்.

சுவரில் தொங்கும் படத்துக்கும் இதே கவனம் வேண்டும். சந்தனப் பொட்டும் குங்குமமும் கண்ணாடி விளிம்பால் உள்ளே இறங்கும். மாலையின் ஈரமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஒட்டியதைப் பிய்க்கவேண்டாம், கண்ணாடியோடேயே படமெடுங்கள். பிரதியைச் சுவரில் மாட்டி அதற்குப் பொட்டு வையுங்கள். மூலப் படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.

இனி, கொப்பி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பச்சை மட்டைக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு செய்தியையும் எழுதி, பக்கத்தில் அதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்றும் எழுதுகிறேன். ஏன் அவ்வளவு கறாராக இருக்கவேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அம்மப்பா ஒரு விமானத்தைச் சுட்டு விழுத்தினார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதைப் பேச்சாகவே பேசியிருக்கிறேன். சம்பளப் புத்தகத்தை விரித்தபோது அவர் படையில் சேர்ந்த தேதி 1942 யூன் என்று இருந்தது. குண்டு விழுந்து இரண்டு மாதத்துக்குப் பின்! அதே பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் களஞ்சிய உதவியாளர் என்று எழுதியிருந்தது. மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் அது அவர் பார்த்த கதை இல்லை, கேட்ட கதை. முகாமில் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதாக இருக்கும்" என்றார். கொப்பியில் கதையும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது, பெரியம்மா சொன்னதும் இருக்கிறது. மூன்றில் எதையும் நான் வெட்டவில்லை. அரிசி மூட்டையை எண்ணிக் கணக்கு வைத்த மனிதர் நான்கு வருடம் வீட்டைப் பிரிந்திருந்தார். அது எனக்குப் போதும்.

தேடுவதற்குப் பெயர்தான் பெரிய தடை. நம் பெயர்களை வெள்ளைக்கார எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கந்தையா என்ற ஒரு பெயரை 'கே' எழுத்திலும் 'சி' எழுத்திலும் தேடவேண்டும். தந்தையின் பெயர் சில தாள்களில் முதலெழுத்தாகவும் சிலவற்றில் குடும்பப் பெயராகவும் நிற்கும். வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருப்பது நமக்குப் புதிதில்லை. எல்லா வடிவங்களையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு தேடத் தொடங்குங்கள். யுத்தத்தில் இறந்தவராக இருந்தால் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். திருகோணமலை நிலாவெளி வீதியிலும் கண்டியிலும் உள்ள யுத்தக் கல்லறைகளை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர் பெயர் அங்கே இராது. இந்திய தேசிய இராணுவத்தில் மடிந்தவர் பெயரும் இராது. பழைய ஊர்ப் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம்.

சின்னப்பாட்டாவுக்குத் தாள் எதுவும் இல்லை. மலாயாப் பென்சனோடு திரும்பிய ஊரவர் ஒருவர், சிரம்பானில் அவரைச் சீருடையில் கண்டதாகப் பூட்டியிடம் சொன்னாராம். பூட்டி பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா என்னிடம் சொன்னார். கொப்பியில் அந்த மூன்று படிகளையும் எழுதி, கீழே முழுப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த விடயத்தை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1955 முதல் 1959 வரை இலங்கை இராணுவத்தின் தளபதியாக இருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு, அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர், ஒரு தமிழர். அந்தக் காலத்தில் இராணுவத்தில் இருந்த தாத்தாவின் படத்தை 1983க்குப் பிறகு மறைத்த வீடுகள் உண்டு. ஆயுத இயக்கத்துக்குப் போய் இறந்த பிள்ளையின் படத்தைப் பயத்தில் எரித்த வீடுகள் அதைவிடப் பல மடங்கு. கோப்பாயில் இயக்கத்தவரின் கல்லறைகள் இருந்த நிலத்தில் இன்று கல்லறைகள் இல்லை; மாவீரர் நாளான நவம்பர் 27 வந்தால் பல வருடம் தாய்மார் வீட்டுக்குள்ளேயே விளக்கு வைத்தார்கள். அந்த வீட்டாருக்கும் என் முறை இதேதான். பள்ளிச் சீருடையில் எடுத்த படம் உறவினரிடம் எங்காவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிறந்த தேதி, படித்த வகுப்பு, பிடித்த கறி, கடைசியாக வீட்டைவிட்டுப் போன நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். விரும்பிப் போனதா, பிடித்துக்கொண்டு போனார்களா என்பதையும் எழுதுங்கள். அதை எழுத எந்த மேடையும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் கொப்பி.

கொப்பி எழுதியாகிவிட்டால் அதைத் திறக்க ஒரு நாள் வேண்டும். நம்மிடம் நாட்களுக்குக் குறைவில்லை. திதி தெரிந்தவருக்குத் திதி, தெரியாதவருக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் தேவாரமும் வம்சாவளியும் பல பக்கம் போகும், பட்டாள வாழ்க்கை ஒரு வரியில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அடுத்து அச்சடிக்கும்போது சம்பளப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் ஆடி அமாவாசையில் கீரிமலைக்குப் போய் வந்து, காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு அம்மப்பாவுக்குப் படைத்த பிறகு, பிள்ளைகளில் ஒருவரைக் கொப்பியில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்கிறோம். ஒரு பக்கம்தான். போன ஆடியில் என் பேத்தி சப்பாத்துக் கதையை வாசித்துவிட்டு, "சின்னப்பாட்டாவை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?" என்று கேட்டாள். பெயர் வடிவங்களை எழுதிய பக்கத்தில் அவருடைய பதிவுப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மூன்று வருடமாக எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு பெரியம்மாவிடம் போகிறேன்.