‘ஒரே நேரத்தில்’ என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்லை எழுதுவது?

நாகர்கோவிலில் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தொடக்க நாட்களில் ஒரு தீர்ப்பின் இறுதிப் பகுதி என்னிடம் வந்தது. ‘இரண்டு தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்ற வரிக்கு நான் ‘சைமல்டேனியஸ்லி’ என்று எழுதிவிட்டேன். அதைச் சரிபார்த்த மூத்த வழக்கறிஞர் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து, மேலே ‘கன்கரன்ட்லி’ என்று எழுதி, அந்த இடத்தில் வேறு சொல்லே கிடையாது என்றார். அன்றிலிருந்து ‘ஒரே நேரத்தில்’ என்று எங்கே கண்டாலும் உடனே எழுதிவிடாமல் சற்று நிறுத்தி, எது ஒன்றாக இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒன்றாக இருப்பது ஒரு கணமா, ஓடுகிற ஒரு காலப்பகுதியா, ஒரு தாளமா, அல்லது ஒரு தலைமுறையா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஆங்கிலச் சொல் அநேகமாகத் தானே வந்துவிடும்.

ஒரு கணம் ஒன்றாக இருந்தால் ‘சைமல்டேனியஸ்’. சித்திரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கரையில் நிற்பவர்கள் மேற்கே கதிரவன் கடலில் இறங்குவதையும் கிழக்கே முழுநிலவு கடலிலிருந்து எழுவதையும் நின்ற இடத்திலிருந்தே பார்க்கிறார்கள். தனித்தனியான இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே கணத்தில் அமைகின்றன. இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியாது. ஆனால் நிலவு முழுமையடையும் கணம் எல்லா ஆண்டும் சரியாக மாலையில் விழுவதில்லை என்பதால், நிலவு சற்று முந்தியோ பிந்தியோ எழுவதுண்டு. அத்தகைய ஆண்டைப் பற்றி எழுதும்போது முன்னால் ‘ஆல்மோஸ்ட்’ என்பதைச் சேர்ப்பதே நேர்மை. 1956 நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் கேரள மாநிலம் உருவானதும் ஒரே சட்டத்தால் ஒரே நாளில் நடந்தவை ஆகையால் அங்கும் இச்சொல் பொருந்தும்.

‘கன்கரன்ட்’ என்பதன் லத்தீன் வேர் ‘கூடவே ஓடுவது’ என்று பொருள் தருகிறது. இதில் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து ஓடுகிற ஒரு பகுதி இருந்தால் போதும். தண்டனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள், மற்றொன்றுக்கு ஐந்து ஆண்டுகள் என்றால், ‘கன்கரன்ட்லி’ என்று ஆணையிட்டால் ஐந்து ஆண்டுகளில் இரண்டும் முடிந்துவிடும். ‘கன்செக்யூட்டிவ்லி’ என்றால் எட்டு ஆண்டுகள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25ஆம் பிரிவிலும் ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லே நிற்கிறது. ஒரு மனிதனின் மூன்று ஆண்டுகள் ஒரு வினையடையைப் பொறுத்திருக்கும்போது, ஏறத்தாழப் பொருந்துகிறது என்று எந்தச் சொல்லையும் அங்கே வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் நாம் பொதுப்பட்டியல் என்று அழைப்பது ஆங்கிலத்தில் ‘கன்கரன்ட் லிஸ்ட்’. 1976இல் 42ஆம் திருத்தம் கல்வியை அதற்குள் கொண்டுவந்தது. மத்திய அரசின் அதிகாரமும் மாநில அரசின் அதிகாரமும் ஒரே பொருளின் மேல் கூடவே ஓடுகின்றன என்பதுதான் அந்தப் பெயரின் உட்பொருள். அங்கே கணம் பற்றிய பேச்சே இல்லை.

கணினித் துறைக்குப் போகிற மாணவர்கள் இதோடு ‘பேரலல்’ என்ற சொல்லையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே மாஸ்டர் ஒரு கையால் தேநீர் ஆற்றிவிட்டு, திரும்பி எண்ணெய்ச் சட்டியில் ஏத்தம்பழ பஜ்ஜியைப் புரட்டிவிட்டு, மறுபடி பால் பாத்திரத்துக்கு வந்தால் அவர் செய்வது ‘கன்கரன்ட்’. இரண்டு பேர் இரண்டு அடுப்பில் நின்றால் ‘பேரலல்’.

தாளம் ஒன்றாக இருந்தால் ‘சிங்க்ரனஸ்’. கரையிலிருந்து இழுக்கும் பெரிய மீன்வலையான கரமடியை இழுப்பதை நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலில் வளைத்துப் போட்ட மடியின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று பிடித்திருப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடி, அந்த அடி விழும் இடத்தில் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள். கயிறு ஒரு முழம் ஏறும்; பிறகு அடுத்த அடி. அவர்கள் இழுப்பது ‘சைமல்டேனியஸ்’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் பாட்டை விட்டுவிட்டு எழுதியதாகும். ஒருவரோடொருவர் ஒத்து, திரும்பத் திரும்ப அதே இடைவெளியில் நடப்பதைச் சொல்ல ‘இன் யூனிசன்’ என்றோ ‘சிங்க்ரனைஸ்ட்’ என்றோ எழுத வேண்டும். மனிதர் முயன்று ஒத்துப்போகச் செய்ததற்கு ‘சிங்க்ரனைஸ்ட்’ என்பதையும், இயந்திரம், மின்சாரம், இணையவழி வகுப்பு போன்றவற்றில் ‘சிங்க்ரனஸ்’ என்பதையும் நான் பயன்படுத்துகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகள் ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் சுற்றலாம். ஆனால் அவை மின்தொகுப்புக்குக் கொடுக்கும் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்ற அலைவெண்ணோடு ஒத்தே இருக்க வேண்டும்.

தலைமுறை ஒன்றாக இருந்தால் ‘கன்டெம்பரரி’. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவானந்தமும் நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனும் ‘கன்டெம்பரரிஸ்’. இச்சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதற்கு ‘இக்காலத்திய’ என்ற பொருளும் உண்டு. 1954இல் மறைந்த கவிமணியைப் பற்றிய நூலில் ‘கன்டெம்பரரி போட்டோகிராப்ஸ்’ இருக்கின்றன என்று எழுதினால், அவை அவர் காலத்துப் படங்களா, இன்று அவர் ஊரான தேரூரில் எடுத்தவையா என்று படிப்பவருக்குத் தெரியாது. அவர் காலத்தவை என்றால் ‘கன்டெம்பரேனியஸ்’ என்று எழுதுங்கள். சம்பவம் நடந்தபோதே எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு, நாட்குறிப்பு, கல்வெட்டு ஆகியவற்றுக்கும் அதுவே உரிய சொல்.

இரண்டு நாட்கள் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ‘கோஇன்சைட்’. கோட்டாறு சவேரியார் திருவிழா எப்போதும் டிசம்பர் 3இல் நிறைவடையும். கார்த்திகைத் தீபமோ நட்சத்திரக் கணக்கில் நகரும். 2025இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. இந்த வினைச்சொல் நடுநிலையானது. அதன் பெயர்ச்சொல்லான ‘கோஇன்சிடன்ஸ்’ அப்படியல்ல, தற்செயல் என்ற பொருளை இழுத்துக்கொண்டு வரும் என்பதால் திட்டமிட்டு அமைத்த எதற்கும் அதை எழுதக் கூடாது.

இனி வினையெச்சங்கள். எனக்கு வரும் வரைவுகளில் அதிகப் பிழை இங்கேதான் நேர்கிறது. அதேவேளை, நம் தமிழே நமக்கு வழிகாட்டுவதும் இங்கேதான். குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுக்கு விடியுமுன்பே போய்விடுகிறார்கள். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். இந்த ‘ஏற ஏற’ என்ற அடுக்குக்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்’ வரும், ஏனென்றால் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வளர்கின்றன. ‘வெட்டிக்கொண்டிருக்கும்போது மழை வந்தது’ என்பதில் நீண்ட செயலுக்கு ‘வைல்’ போட வேண்டும். ‘மழை வந்தபோது வெட்டிக்கொண்டிருந்தேன்’ என்று திருப்பினால், குறுகிய நிகழ்ச்சிக்கு ‘வென்’ போட வேண்டும். ‘மழை வந்ததும் ஓடினேன்’ என்பதோ ஒரே நேரத்து நிகழ்ச்சியே அன்று. ஒன்று முடிந்த கையோடு மற்றொன்று நடக்கிறது, ஆகவே ‘ஆஸ் சூன் ஆஸ்’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘வைல்’ வராது, ‘டியூரிங்’ வரும்.

‘பேசிக்கொண்டே நடந்தார்’ என்பது போல எழுவாய் ஒன்றாக இருக்கும் இடத்தில் ‘வைல் டாக்கிங்’ என்று சுருக்கலாம். ‘பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது கடல் தெரிந்தது’ என்ற வாக்கியத்தை அப்படிச் சுருக்கி, ‘வைல் கோயிங் பை பஸ், த சீ வாஸ் சீன்’ என்று எழுதினால் கடல் பஸ்ஸில் போனதாக ஆகிவிடும். தமிழில் அந்த வாக்கியம் குறையில்லாதது. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற எழுவாயை எழுதியே ஆக வேண்டும்.

சில இடங்களில் இவற்றுள் எந்தச் சொல்லையும் எழுதக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல்கோள் நாகப்பட்டினத்தையும் குளச்சலையும் ‘சைமல்டேனியஸ்லி’ தாக்கியது என்று எழுதப்பட்ட ஒரு கட்டுரை என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. சுமத்ரா அருகே இந்திய நேரம் காலை 6.29 மணிக்கு நிலம் அதிர்ந்தது. அலை நாகப்பட்டினக் கரையை முதலில் அடைந்தது; இலங்கையைச் சுற்றி வளைந்து அதற்குப் பிறகுதான் நம் மேற்குக் கரையை அடைந்தது. அந்தச் சொல்லை நீக்கிவிட்டு ‘ஆன் த சேம் டே’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.