பதில் போட்ட மின்னஞ்சல் எது, போடாதது எது: தண்டர்பேர்டில் சரிசெய்யும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரே மின்னஞ்சல் பெட்டி, அதைப் பார்ப்பவர்கள் மூன்று பேர். தலைவர் கைத்தொலைபேசியில் பதில் போட்டுவிடுவார். செயலாளர் அக்கா வீட்டுக் கணினியில் திறந்தால் பதில் போட்டதற்கான அம்புக்குறி இருக்காது, அவரும் ஒரு பதில் போடுவார். பள்ளி பஸ் கட்டணம் கேட்ட ஒரு அம்மாவுக்கு இரண்டு விதமான தொகை போய்ச் சேர்ந்தது. அக்காவின் கணினியில் உள்ள தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதுதான் இது.

முதலில் கணக்கு ஐமேப்பா, பாப்3-ஆ என்று பாருங்கள்; இரண்டும் சர்வரில், அதாவது மின்னஞ்சல் சேவை தருபவரின் கணினியில், உள்ள கடிதங்களை உங்கள் கணினியில் பெறும் முறைகள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸைத் திறந்தால் மேலேயே எழுதியிருக்கும். ஐமேப்பில் நீங்கள் ரிப்ளை அழுத்தி அனுப்பியதும் சர்வரில் உள்ள அந்தக் கடிதத்திலேயே 'ஆன்சர்ட்' என்ற அடையாளம் விழுகிறது, படித்ததற்கு 'சீன்' விழுவதைப் போல. அதனால் அதே பெட்டியை வேறு கணினியில் திறப்பவருக்கும் அம்பு தெரியும். பாப்3-இல் இந்த அடையாளத்துக்கு இடமே இல்லை, பதில் போட்ட கணினிக்கு மட்டும்தான் அது தெரியும்.

பாப்3 என்றால், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: இருக்கும் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற தண்டர்பேர்ட் விடாது. எவ்வளவு தேடினாலும் அதற்கு ஒரு பொத்தான் கிடைக்காது. அதே முகவரியைப் புதிய கணக்காகச் சேர்த்து, ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள் (போர்ட் 993, இணைப்புப் பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்). பழைய கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள்! அதில் உள்ள கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டும் இருக்கலாம். வேண்டியதையெல்லாம் புதிய கணக்கின் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டு, சர்வருக்குப் போய்விட்டதா என்று பிரவுசரில் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் அழியுங்கள்.

அடுத்தது பதில் போடாதவற்றை மட்டும் திரட்டுவது. இன்பாக்ஸில் ரைட் கிளிக், சர்ச் மெசேஜஸ், 'ஸ்டேட்டஸ்', 'இஸன்ட்', 'ரிப்ளைட்' (பதில் போடப்படாதவை என்று பொருள்). கீழே 'சேவ் ஆஸ் சர்ச் ஃபோல்டர்'. இதற்காகவே நான் தண்டர்பேர்டைச் சொல்கிறேன். காலையில் அந்த ஒரு ஃபோல்டரைத் திறந்தால் போதும், யாருக்குப் பதில் பாக்கி என்று வரிசையாக நிற்கும்.

ஒன்றை மூவரும் கட்டாயம் பழக வேண்டும்: பதில் போட ரிப்ளை பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். புதுக் கடிதம் திறந்து முகவரியை ஒட்டி அனுப்பினால், பழைய கடிதத்துக்கு அது பதில் என்று நிரலுக்குத் தெரியாது, அம்பும் விழாது. வாட்ஸாப்பில் பதில் சொல்லிவிட்டாலும் இதே கதைதான், அதனால் 'சொல்லியாயிற்று' என்று ஒரு வரியாவது ரிப்ளையில் அனுப்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஜிமெயிலைப் பிரவுசரில் பார்ப்பவர்கள் அம்பு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். உரையாடலாகத் தொகுத்துக் காட்டும் பட்டியலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் 'மீ' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த உரையாடலில் உங்கள் பெட்டியிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அவுட்லுக்கில் கடிதத்தைத் திறந்தால் எந்தத் தேதியில் பதில் போட்டீர்கள் என்று மேலேயே ஒரு வரி காட்டும். இன்னொருவர் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன்: இந்த அம்பு உங்கள் பெட்டிக்குள் மட்டும்தான், எழுதியவருக்கு அது தெரியாது.