பிரேக்கைப் பிடித்தபடியே மலை இறங்குகிறவர்களுக்கு

போன தைப்பூசம் முடிந்த மறுவாரம், கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பாதையில் சவரிக்காட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். மூன்று இளைஞர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். புதுச் சைக்கிள், புதுப் பை, எல்லாம் பளபளப்பு. அவர்கள் கடையைத் தொடுவதற்குள் வாசனை வந்துவிட்டது, ரப்பர் தீய்ந்த வாசனை. "மெதுவாத்தாண்ணே வந்தோம். மேல ஏறி உட்கார்ந்ததிலிருந்து பிரேக்கை விடவே இல்லை" என்றார் ஒருவர், பெருமையாக. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே பாதையின் அடிவாரத்தில் இதே வாக்கியத்தை நானும் சொன்னேன், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அன்றைக்குக் கேட்டவர் சிரித்தார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெல்மெட், தண்ணீர், பஞ்சர் சாமான் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாமல் யாரும் மலைக்குக் கிளம்புவதில்லை. தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. எல்லாமே நான் செய்தவைதான்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். சமவெளியில் அது நாலு மணி நேர வேலை. ஆனால் இங்கே ஏறவேண்டிய உயரம் சுமார் 1750 மீட்டர். மூட்டையோடு போனால் எனக்கு எட்டு மணி நேரம் ஆகிறது, டீயும் வடையும் சேர்த்து. சுமையோடு ஏறுகிற சாதாரண ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 மீட்டர் உயரம் கிடைத்தால் நல்ல நாள். முதலில் உயரத்தை வைத்து நேரம் போடுங்கள். அப்புறம் தூரத்தைப் பாருங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பயப்படுகிறவர்களும் உண்டு. கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். வளைவில் ஒன்றும் பெரிதாக மூச்சு வாங்காது. இரண்டு வளைவுக்கு நடுவில் நேராகக் கிடக்கிற சாலைதான் ஆளைத் தின்னும். வளைவில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேலேயிருந்து பேருந்து வரும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். திரும்புவதற்கு அதற்கு முழுச் சாலையும் வேண்டும், உங்களுடைய ஓரமும் சேர்த்து.

பஞ்சாங்கம் பார்க்காமல் கிளம்புவது

மழையைப் பார்க்கிறார்கள், விடுமுறையைப் பார்க்கிறார்கள், திருவிழாவைப் பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலை சைக்கிளுக்கான சாலையே அல்ல. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாக நகரத்தார் காவடி வரும். பின்னாலேயே ஊர் ஊராகக் கூட்டம் வரும். நடப்பவர்கள் சாலையின் இடது ஓரத்தில் போகிறார்கள், அதாவது நாம் ஓட்டுகிற அதே இடத்தில். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் அதிகம் நடப்பார்கள். சிலர் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கும், பலரிடம் இருக்காது. வெறுங்காலோடு ஐந்தாவது நாள் நடக்கிற ஒருவரின் பின்னால் போய் டிரிங் டிரிங் என்று மணியடித்து விலகச் சொல்ல எனக்கு மனசு வராது. கூட்டம் கண்ணில் பட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். அன்னதானப் பந்தலில் கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுவேன். இவ்வளவுக்கும் நேரம் ஒதுக்கமுடியாது என்றால் வேறு வாரம் போங்கள்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை கம்பம், குமுளிப் பக்கமும் இதே கதைதான். கூட்டம் அதிகமானால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கி, ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மெதுவாக மிதித்துக்கொண்டு ஏறுகிறவனுக்கு எதிரே, இரண்டு நாள் தூங்காத ஓட்டுநர்களின் வேன்கள் சாரிசாரியாக இறங்கி வரும். ஒரு முறை ஏறிப் பார்த்தேன். பாதி தூரத்தில் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, திரும்பி இறங்கி வந்தேன்.

பிரேக்கை விடாமல் இறங்குவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கூட வந்த கும்பல்.

ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 1750 மீட்டர் இறங்கினால் வெளிப்படுகிற ஆற்றல் சுமார் 17 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அவ்வளவும் இறங்கி முடிப்பதற்குள் எங்காவது போயாக வேண்டும். பெரும்பங்கு போவதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது: எதிர்காற்று, இல்லையென்றால் உங்கள் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே கொஞ்சம் ஓடவிட்டால் காற்று தன் பங்கை வாங்கிக்கொள்ளும். மணிக்கு 20, 25 கிலோமீட்டரில் பிரேக்கை உரசிக்கொண்டே வந்தால் காற்றுக்கு வேலையே கிடையாது. அந்தச் சூடு கிட்டத்தட்ட முழுவதும், பிரேக் கட்டை உரசுகிற சக்கர விளிம்பான ரிம்முக்குள் இறங்கும். தொடர்ந்து உரசுவதால் ரிம் ஆறுவதற்கும் நேரமில்லை.

"மெதுவாகப் போனால் பத்திரம்" என்று நாம் நம்புவதுதான் இங்கே காலை வாருகிறது. நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் உண்மையிலேயே பத்திரம், சூடு அவ்வளவு மெதுவாகத்தான் பிறக்கும். ஆபத்து இருப்பது இரண்டும் கெட்டான் வேகத்தில். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அந்த வேகத்தில்தான் இறங்குகிறார்கள்.

சூடேறினால் என்ன ஆகும்? ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடியிருக்கிற பிளாஸ்டிக் பட்டை இளகும். டியூப் அந்தத் துளைக்குள் பிதுங்கி வெடிக்கும். டியூப்பில் பழைய பஞ்சர் ஒட்டு ஏதாவது இருந்தால் பசை இளகி, ஒட்டு கழன்றுகொள்ளும்.

எனக்கு நடந்தது இரண்டாவது. குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் நின்று, மேகம் இல்லாததால் கீழே பழனி தெரிகிறதே என்று மகிழ்ந்துவிட்டுக் கிளம்பினேன். பெருமாள்மலையில் பிரிந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வடகவுஞ்சி தாண்டும் வரை வந்தேன். விரல் மரத்துப்போனது. அதையும் கவனமாக ஓட்டுவதன் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வலது வளைவில் முன்சக்கரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓரத்துக் கைப்பிடிச் சுவர் என்னை நிறுத்தியது. இடது மணிக்கட்டில் விரிசல், ரிம் எட்டாக வளைந்துவிட்டது. பழனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன்காரர் என்னை உள்ளேயும் சைக்கிளை மேலேயும் ஏற்றிக்கொண்டார்.

அடிவாரத்துப் பஞ்சர் கடைக்காரர் டியூப்பை உருவிப் பார்த்தார். ஒட்டு ஒரு ஓரமாக உரிந்து தொங்கியது. அடியில் பசை மினுமினுவென்று இழுபட்டிருந்தது. விரலால் தொட்டு இழுத்துக் காட்டினார், நூல் மாதிரி வந்தது. "பசை உருகியிருக்குண்ணே. ரிம்மை அடுப்புல வச்சீங்களா?" என்றார். அப்போதுதான் நான் அந்தப் பெருமையான வாக்கியத்தைச் சொன்னேன். ஆறு வாரம் கையில் கட்டு. அந்த ஆறு வாரத்தில்தான் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

சரி, எப்படி இறங்குவது? சாலை நேராகவும் காலியாகவும் இருக்கும் இடத்தில் பிரேக்கை முழுதாக விட்டுவிடுங்கள். 35, 40 வரை போகட்டும். வளைவு வருவதற்கு முன், சைக்கிள் சாயாமல் நிமிர்ந்திருக்கும்போதே, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழையும்போது கை தளர்ந்திருக்க வேண்டும். திரும்பி வெளியே வந்ததும் மறுபடி ஓடவிடுங்கள். பிடி, விடு, பிடி, விடு. விட்டிருக்கிற நேரத்தில்தான் ரிம் காற்றில் ஆறுகிறது. முதல் நாள் பயமாகத்தான் இருக்கும். பெரிய மலைக்குப் போவதற்கு முன் ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன மேட்டில் பத்துத் தடவை பழகுங்கள்.

ஓடவிட முடியாத இடங்களும் உண்டு. மூடுபனி, ஈரச்சாலை, சரளை, ஓரத்தில் காட்டுமாடு. அங்கே நடக்கிற வேகத்துக்கு இறங்குங்கள், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ஆறவிடுங்கள். ரிம்மை விரலால் தொட்டுப் பார்க்கவேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். பாட்டில் தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் குளிரவைக்கிற வேலை வேண்டாம். கிளம்புவதற்கு முன் ஒட்டுப்போட்ட டியூப்பைக் கழற்றிவிட்டு, குறைந்தது முன்சக்கரத்துக்காவது புது டியூப் போடுங்கள். பிளாஸ்டிக் பட்டை இருந்தால் துணிப்பட்டையாக மாற்றுங்கள்.

"என்னுடையது டிஸ்க் பிரேக்" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அது ரிம்மைப் பிடிக்காமல் சக்கரத்தின் நடுவில் இருக்கிற தட்டைப் பிடிக்கிறது, அதனால் டியூப் வெடிக்காது என்பது வரை சரி. ஆனால் விடாமல் உரசினால், தட்டை அழுத்துகிற பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிக் கத்த ஆரம்பிக்கும். எண்ணெய் வகை என்றால் எண்ணெய் கொதித்து, லீவர் ஹேண்டில் வரைக்கும் போய்ப் படுத்துக்கொள்ளும். கேபிள் வகையில் பேட் தேயத் தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வழியில் நிறுத்தித் திருகி இறுக்கவேண்டும்.

அந்த மூன்று பேரிடமும் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாமவர், "இல்லண்ணே, எனக்குக் கன்ட்ரோல்ல இருந்தாத்தான் நிம்மதி" என்றார். இரண்டாவது டீ சொன்னேன். அவருடைய ரிம் ஆறும் வரையாவது உட்காரட்டும் என்று.

கியர்

முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருக்கிற பெரியது பெரிதாக, குறைந்தது சமமாகவாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் மூட்டையோடு மலை ஏறவேண்டாம்.

முதுகில் பை

கேரியர் எதற்கு இருக்கிறது?

காட்டுச் சாலையில் நேரம் தவறுவது

திம்பம் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. மேகமலைக்குப் போகும் வழியிலும் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. மூடும் நேரம் என்ன, சைக்கிளை விடுவார்களா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டாலும் வெயில் ஏறியபின் நுழைந்து, மாலை நாலு மணிக்குள் வெளியேறிவிடுவது என் வழக்கம்.

சைக்கிளில் சத்தம் இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். யானைக்கு அதுதான் பிரச்சனை. நாம் வருவது அதற்குத் தெரியாது, வளைவு திரும்பினால் எதிரெதிரே நிற்போம். காட்டுக்குள் வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டோ மணியடித்துக்கொண்டோ போங்கள். தூரத்தில் யானை நின்றால் நின்றுவிடுங்கள். பின்னால் பேருந்தோ லாரியோ வரும் வரை காத்திருந்து, ஓட்டுநரிடம் சொல்லி அதன் மறைவில் கடந்துபோங்கள். கரும்பு லாரி மட்டும் வேண்டாம். ஆசனூர்ப் பக்கம் யானைகள் காத்திருப்பதே அதற்குத்தான்.

வியர்வையோடு இறங்குவது

உச்சியில் சட்டை நனைந்திருக்கும். அப்படியே இறங்கினால் பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும், விரல் விறைக்கும். விறைத்த விரலால் மேலே சொன்ன பிடி, விடு எதுவும் நடக்காது. காய்ந்த பனியன் ஒன்று தனியாக வையுங்கள். டீக்கடையில் பழைய பேப்பர் இரண்டு தாள் கேட்டு வாங்கி, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். அடிவாரத்துக்கு வந்ததும் எடுத்துவிடலாம்.

பஞ்சாமிர்தத்தைக் கேரியருக்கு மேலே கட்டுவது

குரங்குகளுக்கு மூடி திறக்கத் தெரியும். பைக்குள், துணிக்கு அடியில் வையுங்கள். நான் வெளியே கட்டியிருந்த அரைக் கிலோ டப்பா, நின்று ஒரு போட்டோ எடுத்து முடிப்பதற்குள் மரத்துக்கு மேலே போயிருந்தது.