முகாம் நடந்தது, பலன் விளைந்ததா?

காசநோயாளிக்குச் சானடோரியப் (மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனை) படுக்கையும் சத்துணவும் முழு ஓய்வும் இல்லாவிட்டால் மருந்து மட்டும் பயன்படாது என்பதே 1950-களில் மருத்துவர்கள் பலரும் கொண்டிருந்த கருத்து. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கியும், மற்றப் பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். ஆண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. உணவிலும் ஓய்விலும் வீட்டுப் பிரிவினர் பின்தங்கியிருந்தும் வேறுபாடு அவ்வளவுதான். 1959-இல் இந்த முடிவுகள் வெளியான பிறகு, ஒரு படுக்கைக்கு ஆகும் செலவில் எத்தனை பேருக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்ற கணக்கு, பல ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்களை மாற்றியமைத்தது.

எதனோடு ஒப்பிட்டு, என்ன செலவில் என்ற அந்த இரட்டைக் கேள்வியை வடசென்னையில் நலத்திட்டம் நடத்துகிறவர்கள் தங்கள் பணியின்மீது எழுப்பிப் பார்ப்பதற்கான வழிகாட்டி இது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தபின், மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் மருத்துவ முகாம்களுக்கும் மாலை நேர வகுப்புகளுக்கும் நிதி வருவது எளிதாயிற்று. ஆனால் ஆண்டறிக்கைகளில் காணப்படுவது பெரும்பாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையும், ரிப்பன் வெட்டும் படமும் மட்டுமே. வந்தவர்களின் எண்ணிக்கை வேலை நடந்ததற்குச் சான்று. வேலையால் யாருக்காவது ஏதாவது மாறியது என்பதற்கு அது சான்று ஆகாது.

முன்னும் பின்னும் பார்ப்பது போதாது

பலரும் செய்வது, திட்டம் தொடங்கும் முன் ஒரு கணக்கெடுப்பும் முடிந்தபின் ஒரு கணக்கெடுப்பும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டத்தின் பலனாகக் காட்டுவது. காசிமேட்டில் இது எப்படித் தவறாகும் என்று பாருங்கள். கருவாடு வியாபாரம் செய்யும் பெண்களுக்குச் சுழல்நிதிக் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று மே மாதத்தில் முதல் கணக்கெடுப்பை எடுத்து, ஆகஸ்டில் இரண்டாவதை எடுத்ததாகக் கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் துறைமுகத்தில் ஏலம் அடங்கிக் கிடக்கும். வீட்டில் அடகுச் சீட்டும் நிவாரணத் தொகையும்தான் பேச்சாக இருக்கும். ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். கடன் வாங்கிய பெண்ணின் வருமானமும் கூடியிருக்கும். கடன் வாங்காத அடுத்த வீட்டுப் பெண்ணின் வருமானமும் கூடியிருக்கும். முதலாமவரை மட்டும் பார்க்கும் அறிக்கை, கடலின் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

கல்வியிலும் இதே நிலைதான். கொரோனாவுக்குப்பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் நேர்ந்தது என்றும் மதிப்பிட்டது. ஒரு பெரிய அரசுத் திட்டத்துக்கு அது நல்ல பலன்தான். ஆயினும் மீட்சியின் பெரும்பகுதி, பள்ளிக் கதவு திறந்ததால் தானாக வந்தது. அதே ஆண்டில் கொருக்குப்பேட்டையில் மாலை வகுப்பு நடத்தி முன்–பின் தேர்வு வைத்த ஓர் அமைப்பு இருந்திருந்தால், அது முழு மீட்சியையும் தன் சாதனையாக எண்ணி மகிழ்ந்திருக்கும்.

ஆகவே திட்டம் தொடங்கும் முன்பே ஓர் ஒப்பீட்டுக் குழுவுக்கு வழி செய்துகொள்ள வேண்டும். அதற்கு நேர்மையான வாய்ப்பு, பெரும்பாலும் நிதிப் பற்றாக்குறையிலேயே கிடைக்கிறது. இருபது குடியிருப்புகள் கேட்கின்றன, பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யார் முதலில் என்பதைக் கவுன்சிலரின் சிபாரிசுக்கு விடாமல் எல்லாருடைய முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடலாம். மற்றப் பத்துக்கு அடுத்த ஆண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இந்த ஆண்டு அவை ஒப்பீட்டுக் குழுவாக இருக்கும். யாருடைய உரிமையும் பறிபோகாது. கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்த எட்வர்ட் மிகெல், மைக்கேல் கிரெமர் ஆகியோரின் ஆய்வும் பள்ளிகளை மூன்று தொகுதிகளாக்கி அடுத்தடுத்துச் சேர்த்த ஒன்றே. வறுமை ஒழிப்பில் இத்தகைய சோதனை முறையைப் பரவலாக்கியதற்காகத்தான் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகிய மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குலுக்கலை ஆளுக்கு ஆள் நடத்தாமல் தெருவுக்குத் தெருவோ, குடியிருப்புக்குக் குடியிருப்போ நடத்துவது நல்லது. வியாசர்பாடியின் ஒரு சந்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் ஒருவருக்குச் சொன்ன சுகாதாரச் செய்தி அன்று மாலையே குழாயடியில் எல்லாருக்கும் போய்விடும். கென்ய ஆய்வு காட்டியதும் இதுதான்: மாத்திரை உட்கொள்ளாத குழந்தைகளுக்கும் சுற்றியிருந்தவர்களுக்குப் புழு குறைந்ததால் நன்மை கிடைத்தது, ஒரே பள்ளிக்குள் குழந்தைக்குக் குழந்தை ஒப்பிட்டிருந்தால் அந்த நன்மை கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் தெருவை அலகாகக் கொண்டால் ஒரு கட்டுப்பாடும் வரும். இரண்டு தெருக்களில் நூறு நூறு வீடுகளைக் கணக்கெடுத்தாலும் உங்களிடம் இருப்பது இரண்டு தெருக்கள் மட்டுமே. அதை வைத்துப் பலனை நிரூபிக்க முயல்வதைவிட, ஒழுங்கான பதிவேடு வைப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல்.

குலுக்கல் இயலாத இடத்தில், ஒத்த நிலையில் உள்ள வேறொரு பகுதியை ஒரே மாதங்களில் முன்னும் பின்னும் அளந்து, இங்கு நேர்ந்த மாற்றத்திலிருந்து அங்கு நேர்ந்த மாற்றத்தைக் கழிக்கலாம். இரு பகுதிகளும் திட்டம் இல்லாவிட்டால் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்ற ஊகம் அதில் அடங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து தாக்கிய எண்ணூர் முகத்துவாரக் குப்பங்களை இராயபுரத்தோடு அந்தக் காலத்துக்கு ஒப்பிடுவது அந்த ஊகத்துக்குப் பொருந்தாது.

ஒரே முகாம், மூன்று விலை

செலவைக் கணக்கிடும்போது எதால் வகுக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திருவொற்றியூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமுக்கு 1,20,000 ரூபாய் செலவாகிறது. 400 பேர் வருகிறார்கள். தலைக்கு 300 ரூபாய், மலிவுதான். அவர்களுள் 80 பேருக்குச் சர்க்கரை அதிகம். ஆனால் அந்த 80 பேரில் 50 பேர் ஏற்கெனவே ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாத்திரை வாங்குகிறவர்கள். முகாம் என்றதும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர் 30 பேர். தலைக்கு 4,000 ரூபாய். மூன்று மாதம் கழித்து வீடு தேடிப் போய்ப் பார்த்தால், மாத்திரையைத் தொடர்கிறவர் 12 பேர். தலைக்கு 10,000 ரூபாய். நன்கொடையாளருக்கு முதல் எண் போகிறது. முடிவெடுக்க வேண்டியது மூன்றாவதை வைத்து.

மூன்றாவதும் இறுதி எண் அன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இதே பரிசோதனையைச் செய்கிறார்கள். அந்த 12 பேரில் சிலர் எப்படியும் அவர்கள் கையில் அகப்பட்டிருப்பார்கள். முகாமின் பலன் மிச்சம் உள்ளவர்கள் மட்டுமே. என் கருத்தில், அரசு ஏற்கெனவே செய்வதைத் திரும்பச் செய்வதைவிட, அங்கே கண்டறியப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் போவதற்கு அதே பணம் கூடுதலாக உதவும். இந்தக் கருத்தும் அளந்து பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

பணமாகக் கை மாறாத செலவுகளையும் எழுதுங்கள்: மண்டபத்தை வாடகையின்றிக் கொடுத்தவரின் வாடகை, தன்னார்வலர்களின் நேரம், வரிசையில் நின்றவர் இழந்த ஒருநாள் கூலி, ஆட்டோ கட்டணம். இவற்றை விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் இதையே நடத்தப் புறப்படுகிறவர்கள் பாதி வழியில் பணமின்றி நிற்பார்கள்.

கூடுதல் செலவு எப்போதும் கூடுதல் விலை ஆகாது என்பதற்கு ராஜஸ்தானின் உதய்ப்பூரில் நடந்த தடுப்பூசி ஆய்வு நல்ல சான்று. 134 கிராமங்களில், எதுவும் செய்யாத ஊர்களில் 6 விழுக்காடு குழந்தைகளுக்கே முழுத் தடுப்பூசி கிடைத்திருந்தது. தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் அது 18 ஆயிற்று. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் முடிவில் தட்டுச் செட்டும் கொடுத்த ஊர்களில் 39 ஆயிற்று. பருப்புக்குப் பணம் செலவானாலும், செவிலியரின் அதே ஒருநாள் சம்பளம் அதிகமான குழந்தைகளுக்குப் பகிரப்பட்டதால், ஒரு குழந்தைக்கு ஆன செலவு ஏறத்தாழ 56 டாலரிலிருந்து 28 டாலராகக் குறைந்தது.

வெவ்வேறு நோய்களுக்கான திட்டங்களை ஒப்பிட, இழந்த ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகளை அளக்கும் டாலி என்ற அலகு பயன்படுகிறது. உலக வங்கியின் 1993 அறிக்கைக்குப்பின் அது பரவியது. அமைச்சகங்களுக்கு அது தேவை. ஒரு வார்டுக்குள் வேலை செய்கிற அமைப்பு அதில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வேற்றூர் முடிவு நம் தெருவுக்குப் பொருந்துமா

இத்தகைய ஆய்வுகளின் சுருக்கங்களை, திட்டங்களின் பலனை மதிப்பிடும் ஆய்வு அமைப்புகளான ஜே-பால் (J-PAL), 3ஐஇ (3ie) ஆகியவற்றின் இணையதளங்களில் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போது ஒப்பீட்டுக் குழுவின் அளவை முதலில் தேடுங்கள். உதய்ப்பூரின் ‘மூன்று மடங்கு’ என்பது 6 என்ற அடித்தளத்தின்மேல் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது. இங்கு பருப்பு கொடுத்தால் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள்தான் பெரும்பாலும் வாங்கிச் செல்வார்கள். புசியாவிலும் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குமேல் புழு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தரவுகளையே 2015-இல் வேறு ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்து கேள்வி எழுப்பினர் என்பதால், ஒரே ஆய்வை வைத்து முடிவெடுக்காமல் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வுகளையும் பார்ப்பது நல்லது.

அடுத்து, திட்டம் பலனாக மாறும் வழியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் நம் பகுதியில் நிற்குமா என்று சோதிக்க வேண்டும். இதற்குரிய பாடம் நம் மாநிலத்திலிருந்தே வெளியே போனது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தாய்மாருக்கு ஆலோசனையும் எடை குறைந்த குழந்தைகளுக்குக் கூடுதல் உணவும் அளித்து நற்பெயர் பெற்றது. அதே மாதிரியில் வங்காள தேசத்தில் நடத்தப்பட்ட திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அங்கு கடைக்குப் போகிறவர் கணவர். யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று முடிவெடுப்பவர் மாமியார். ஆலோசனையோ தாய்க்கு மட்டும் சொல்லப்பட்டது. ஆகவே வடசென்னையில் ஊட்டச்சத்துத் திட்டம் நடத்துகிறவர், வீட்டில் சமைப்பது யார், காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் தாயின் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது யார் என்று நாலு வீட்டில் கேட்டுவிட்டுத் தொடங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுவாசலில் அளப்பது

திட்டத்தின் ஊழியரே கணக்கெடுக்கப் போனால், ‘மாத்திரை போடுறீங்களாம்மா?’ என்ற கேள்விக்கு ‘போடுறேன்பா’ என்ற பதில்தான் வரும். தேடி வந்த பிள்ளையின் மனத்தை நோகடிக்க யாருக்கும் விருப்பமிராது. வேறொருவரை அனுப்புங்கள். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லி, காலியான குமிழ்களை எண்ணி, வாங்கிய தேதியோடு ஒப்பிடச் செய்யுங்கள். தடுப்பூசிக்கு அட்டையையும், வருகைக்குப் பள்ளிப் பதிவேட்டையும் பாருங்கள். நினைவிலிருந்து வரும் பதிலை நம்ப வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் காணாமற்போகும் குடும்பங்கள் இங்கு பெரிய சிக்கல். கால்வாய்க் கரையிலிருந்து மறுகுடியமர்வில் பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள், வாடகை ஏறியதால் வீடு மாறியவர்கள் ஆகியோரை விட்டுவிட்டு எஞ்சியவர்களை மட்டும் அளந்தால், நிலைமை சற்றே நன்றாக உள்ளவர்களின் படமே கிடைக்கும். முதல் சுற்றிலேயே உறவினர் ஒருவரின் கைபேசி எண்ணையும் சம்மதத்துடன் வாங்கிவைத்து, இரு குழுக்களிலும் எத்தனை பேர் விடுபட்டனர் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

எதை முதன்மைப் பலனாக அளக்கப் போகிறீர்கள் என்பதையும் திட்டம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு நிதி தருபவரிடம் கொடுத்துவிட வேண்டும். இருபது விஷயங்களை அளந்தால், தற்செயலாகவே ஒன்றிரண்டு உயர்ந்து காட்டும். பின்னர் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அறிக்கை எழுதும் ஆசை யாருக்கும் வரும். பலன் இல்லை என்ற முடிவு வந்தால் அதையும் அதே தாளின்படி எழுத வேண்டும். ஐதராபாத்தில் 104 குடியிருப்புகளில் நுண்கடனை ஆராய்ந்த பானர்ஜி, டஃப்லோ குழுவினர், உடல்நலத்திலும் கல்வியிலும் பெண்களின் நிலையிலும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினர். நுண்கடன் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற பேச்சு அதன்பின்தான் தெளிவடைந்தது.

ஒவ்வொன்றையும் இப்படி மதிப்பிட வேண்டும் என்பதில்லை. தட்டம்மைத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று தண்டையார்பேட்டையில் மறுபடியும் ஆராய்ச்சி நடத்துவது வீண். அது உரிய குழந்தைக்கு உரிய மாதத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். பலன் உறுதியாகத் தெரியாத, பணம் பெரிதாகப் போகிற, அடுத்த ஆண்டு விரிவாக்கப் போகிற திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வரவு செலவுத் திட்டத்திலேயே கணக்கெடுப்புக்கான தொகையை நிதி கேட்கும்போதே தனித் தலைப்பில் சேர்த்துவிடுங்கள். திட்டம் முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.