பழைய காருக்கு ராக் ஸ்டியரிங்: ராக்கை வாங்குவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் ஆட்டினாலும் சக்கரம் அசைவதில்லை. நெடுஞ்சாலையில் கார் இடமும் வலமுமாக மேய்கிறது. நிறுத்துமிடத்தில் திருப்புவதற்குள் தோள் வலிக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ராக் அண்ட் பினியன் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். ஸ்டியரிங்கோடு சுழலும் சிறு பல்சக்கரம் (பினியன்), பல் வெட்டிய நீளத் தண்டை (ராக்) இடவலமாக நகர்த்திச் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு அது. போடலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது தேய்மானம். இரண்டாவது பெரும்பாலும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணங்கள். மூன்றாவது பல் விகிதமும் டயரும் சேர்ந்த விஷயம். ராக் மாற்றியதும் முதல் கோளாறு சரியாகிவிடும். அது ராக்கின் மகிமை அல்ல, தேய்ந்த மூட்டுகளையெல்லாம் கூடவே கழற்றிப் போட்டதால் வந்த பலன்.

1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கையே இங்கே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ராக் மாற்றம் அதிகம் நடக்கிற பழைய கார்களில் அதுவும் ஒன்று, ஆயத்தக் கிட்டுகளும் கிடைக்கின்றன, தவறுகளும் வகைவகையாக நடக்கின்றன. 1964 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் காரின் அடிப்பகுதி ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரிலிருந்து வந்தது. ஸ்டியரிங்கும் அந்தக் கால அமெரிக்க வழக்கப்படிதான்: திருகுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள் ஓடும் பெட்டி, அதிலிருந்து பிட்மன் ஆர்ம் என்ற ஆடும் கை, குறுக்கே சென்டர் லிங்க் என்ற கம்பி, மறுமுனையில் அதைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், இருபக்கமும் சக்கரங்களைத் தள்ளி இழுக்கும் டை ராடுகள். இத்தனை மூட்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் பிளே (தேய்மானத்தால் வரும் ஆட்டம்) வந்தால் போதும், ஸ்டியரிங் தொளதொளத்துவிடும்.

ஆகவே முதல் தவறு, பெட்டியின் மேல் பழியைப் போடுவது. சோதனை எளிது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்க்கட்டும். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடுகிறதா, பெட்டியே சட்டத்தில் நகர்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பெட்டியில் இருக்கும் சரிசெய்யும் திருகை எடுத்ததும் இறுக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். அதிகம் இறுக்கினால் நேராகப் போகும் நிலையில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தும் தானாகத் திரும்பி வராது. மூட்டுகளைப் புதுப்பித்து, வீலைக் குறைவாகச் சுற்றினாலே சக்கரத்தைத் திருப்பும் வேகமான 16:1 விகிதப் பெட்டியை வைத்தாலே பலருக்கு மனம் நிறைந்துவிடும். கனம் மட்டும்தான் பிரச்சினை என்றால், பழைய பெட்டியை அப்படியே விட்டு, ஸ்டியரிங் காலத்தில் (வீலின் தண்டைத் தாங்கும் குழாயில்) மோட்டார் உதவி தரும் மின்சாரப் பவர் ஸ்டியரிங் பொருத்தும் வழியும் இருக்கிறது.

ராக் என்றால் நவீனம், பெட்டி என்றால் பழசு என்ற எண்ணமும் சரியல்ல. சிட்ரோயன் 1936-லேயே தன் டிராக்ஷன் அவான் காருக்கு ராக் கொடுத்துவிட்டது. 1948-இன் மோரிஸ் மைனரிலும் ராக்தான். நம் அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம் என்பதால் பிறவியிலேயே ராக் ஸ்டியரிங் கொண்டது. அதைத் திருப்பிக் கை காய்த்தவர்களுக்கு, ராக் என்றாலே லேசாக இருக்கும் என்று யாரும் கதை சொல்ல முடியாது. சில கார்களில் தயாரிப்பாளரே அடுத்த மாடலில் இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறார்: ஜாகுவார் எக்ஸ்கே120-இல் பெட்டி, 1954-இல் வந்த எக்ஸ்கே140-இல் ராக். டிரையம்ஃப் டிஆர்3-இல் பெட்டி, 1961-இன் டிஆர்4-இல் ராக். அப்படிப்பட்ட கார் உங்களிடம் இருந்தால் பாதி வேலையை அந்தக் கம்பெனியின் பொறியாளர்களே முடித்து வைத்திருக்கிறார்கள். மஸ்டாங்குக்கும், வார்ம் (திருகுப்பல்) வகைப் பெட்டி கொண்ட பத்மினிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பத்மினியில் கியர் கம்பியும் ஸ்டியரிங் காலத்தோடு ஓடுவதால், காலத்தில் கை வைத்தால் கியருக்கும் வழி தேட வேண்டும்.

பள்ளத்தில் தானாகத் திரும்பும் சக்கரம்

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான்: இடம் இருக்கிறதே என்று கிடைத்த இடத்தில் ராக்கை வைப்பது.

சக்கரம் மேட்டில் ஏறும்போது செங்குத்தாக மேலே போவதில்லை. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் பிடித்திருப்பதால் வில்போல வளைந்து ஏறும். டை ராடும் தன் உள்மூட்டை மையமாக வைத்துத் தனியாக ஒரு வில் போடும். இரண்டு வில்லும் ஒத்துப்போனால் சக்கரம் நேரே பார்த்தபடி ஏறி இறங்கும். ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஸ்டியரிங்கை அசைக்காமலேயே ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். பம்ப் ஸ்டியர் என்பது இதைத்தான். நல்ல சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில், வளைவின் நடுவே ஒரு ஒட்டுப்போட்ட சாலை வரும்போதுதான் தெரியும்.

காரை முன்னாலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டு ஒரு படம் போடுங்கள். மேல் ஆர்மின் கோட்டையும் கீழ் ஆர்மின் கோட்டையும் நீட்டினால் இரண்டும் எங்கோ ஒரு புள்ளியில் சந்திக்கும். டை ராடின் கோடும் அதே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். டை ராடின் வெளிமூட்டு, மேல் கீழ் பால் ஜாயிண்ட்களை (ஆர்ம்களின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டுகளை) இணைக்கும் கோட்டில் விழுந்தால், உள்மூட்டும் இரு ஆர்ம்களின் உள்பக்க மூட்டுகளை இணைக்கும் கோட்டில் விழ வேண்டும். ராக்கின் உயரம், உள்மூட்டுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தூரம் இரண்டையும் உங்கள் காரின் சஸ்பென்ஷனே முடிவு செய்துவிட்டது என்று பொருள். காயலான் கடையில் எந்தக் காரின் ராக் மலிவாகக் கிடைத்தது என்பதற்கு இதில் குரலே இல்லை. அகலமான ராக்கை வாங்கி டை ராடை வெட்டிச் சிறிதாக்குவது சாதாரணமாக நடக்கிறது. அலைன்மெண்ட் கருவியில் அந்தக் கார் சரியாகவே காட்டும், ஏனென்றால் அது நிற்கும் காரை மட்டும்தான் அளக்கிறது.

மஸ்டாங் கிட்டுகள் பலவற்றில், ஷெவர்லே கேவலியர் போன்ற கார்களில் இருந்த வகை ராக்கைப் பார்க்கலாம். அதில் டை ராடுகள் ராக்கின் முனைகளில் இல்லாமல் நடுவில் மாட்டப்படும். ஒரு தகட்டைக் குறுக்கே வைத்து உள்மூட்டுகளை வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்பதால் அது பிடிக்கும். ஆனால் டை ராடு ராக்கின் அச்சிலிருந்து விலகி இழுக்கிறது. தகடு மெலிதாக இருந்தால் வளைந்து கொடுக்கும், பழைய தொளதொளப்பு புதிய வடிவில் திரும்பி வரும். கிட் வாங்கும்போது என்னைக் கேட்டால், குரோமின் பளபளப்பை விட்டுவிட்டு அந்தத் தகட்டின் தடிமனையும், சட்டத்தில் அது எத்தனை போல்ட்டில் உட்காருகிறது என்பதையும்தான் பார்க்கச் சொல்வேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். முன் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், ஸ்டியரிங்கை நடுவில் பூட்டுங்கள், ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) ஒரு தட்டையான பலகையைப் போல்ட் போட்டு, முன்னும் பின்னும் இரண்டு டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவி) வையுங்கள். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, கார் வழக்கமாக நிற்கும் உயரத்திலிருந்து 25 மில்லிமீட்டர் வீதம் மேலும் கீழும் நகர்த்தி, இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது சக்கரம் ஒரு பக்கமும் கீழே வரும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால் ராக்கின் உயரம் தவறு. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்து ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். மேலே போனாலும் கீழே வந்தாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் தவறு. அதை எந்த ஷிம்மும் காப்பாற்றாது, ராக்கையோ நடுத் தகட்டையோதான் மாற்ற வேண்டும். ராக்கின் தாங்கிகளை நிரந்தரமாக வெல்டிங் செய்வதற்கு முன், புள்ளி வெல்டிங்கோடு நிறுத்தி இந்த அளவை எடுத்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன் வேலை பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. மஸ்டாங்கில் மேல் ஆர்மின் உள்மூட்டை ஒரு அங்குலம் கீழே இறக்குவது பந்தய மஸ்டாங்குகளை உருவாக்கிய கரோல் ஷெல்பியின் நாளிலிருந்து வரும் வழக்கம். ராக் பொருத்தி எல்லாம் அளந்த பிறகு அந்தத் துளையைப் போட்டால், அளந்ததெல்லாம் வீண்.

இடம் திருப்பினால் வலம் போகும் கார்

சிரிக்க வேண்டாம், இது நடக்கிறது. மஸ்டாங்கின் டை ராடுகள் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் ஓடுகின்றன. 1974 மாடல் மஸ்டாங் 2-இன் ராக்கோ அச்சுக்கு முன்னால் இருக்கும். முன்னால் வேலை செய்த ராக்கை அப்படியே பின்னால் நகர்த்தினால் திசை மாறிவிடும். ராக்கைத் தலைகீழாகப் புரட்டினால் திசை சரியாகும், ஆனால் பினியன் காரின் மறுபக்கத்துக்குப் போய்விடும். இடப்பக்க ஓட்டுநர் இருக்கைக்கு வந்த ராக்கை நம் ஊர் வலப்பக்கக் காரில் வைக்கப் பார்ப்பவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கலாம்.

இதற்குக் குறுக்குவழியாக, இடது வலது நக்கிள்களை (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்களை) மாற்றி மாட்டி, டை ராடு பிடிக்கும் ஸ்டியரிங் ஆர்ம்களை முன்பக்கம் கொண்டுவருபவர்கள் உண்டு. திரும்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். அதற்காகவே பின்பக்க ஆர்ம்கள் உட்புறம் சாய்ந்திருக்கின்றன. மாற்றி மாட்டினால் கணக்கு தலைகீழாகும், உள்சக்கரம் குறைவாகத் திரும்பும், குறுகிய திருப்பத்தில் டயர் கீச்சிட்டுத் தேயும். ஆர்மைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்கிறேன் என்று பட்டறையில் யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது அடித்து உருவாக்கிப் பதப்படுத்திய எஃகு, சூட்டில் அந்தப் பதம் போய்விடும்.

திருப்ப வட்டத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஸ்டியரிங் ஆர்ம் 150 மில்லிமீட்டர் நீளம், ராக் ஒரு பக்கம் 75 மில்லிமீட்டர் நகரும் என்றால் சக்கரம் ஏறத்தாழ 30 டிகிரி திரும்பும். ராக் 60 மில்லிமீட்டர்தான் நகரும் என்றால் 24 டிகிரிகூட வராது. முன்பு ஒரே மூச்சில் யூ-டர்ன் அடித்த தெருவில் இப்போது ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும்.

ராக்கிலிருந்து கைக்கு

1965, 66 மஸ்டாங்கில் பெட்டியிலிருந்து ஸ்டியரிங் வீல் வரை ஒரே நீளத் தண்டு. பெட்டியை எடுத்தால் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு காலத்தின் கீழ்முனையில் தண்டைத் தாங்க ஒரு பேரிங் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டுவதில் ஒரு நன்மையும் உண்டு: மோதலில் அந்த ஒற்றைத் தண்டு ஈட்டியாகி நெஞ்சுக்கு நேரே வரும். மோதலில் அமுங்கும் ஸ்டியரிங் காலம் அமெரிக்காவில் கட்டாயமானது 1968-இல்தான். எப்படியும் கை வைக்கிறீர்கள், அப்போதே அமுங்கும் வகைத் தண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினையும் சைலன்சர் குழாயையும் சுற்றிப் போக யுனிவர்சல் ஜாயிண்ட் (தண்டு கோணத்தில் மடங்கியும் சுழல விடும் மூட்டு) தேவைப்படும். ஒற்றை ஜாயிண்ட்டை 30 டிகிரி மடக்கினால், ஒரே சுற்றுக்குள் தண்டின் வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் கூடியும் மாறும். கையில் இது கனம், லேசு, கனம், லேசு என்று தெரியும். இரண்டு ஜாயிண்ட் போட்டு, கோணங்களைச் சமமாக்கி, நடுத்தண்டின் இருமுனைக் கவைகளையும் ஒரே தளத்தில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது தின்றுவிடும். மூன்று ஜாயிண்ட் வந்தால் நடுவில் தாங்கு பேரிங் இல்லாமல் விடக் கூடாது, தண்டு ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுழலப் பார்க்கும். கிளட்ச் கம்பி போகும் பாதையையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், மேனுவல் கியர் மஸ்டாங்கில் ராக்கும் அதுவும் இடித்துக்கொள்ளும்.

பவர் ராக் என்றால் பழைய பம்ப்பை அப்படியே இணைத்துவிடாதீர்கள். பழைய வி8 எஞ்சினின் பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவு அந்த ராக்குக்கு அதிகமாக இருந்தால், ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பும், நெடுஞ்சாலையில் நரம்புத் தளர்ச்சி வந்தது போல் துள்ளும். பம்ப்பின் வால்வைக் குறைந்த ஓட்டத்துக்கு மாற்றினால் அடங்கும்.

திருகுகளில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்க 9/16 அங்குலத் திருகின் விட்டம் 14.29 மில்லிமீட்டர், பல் இடைவெளி 1.41. மெட்ரிக் எம்14 திருகில் விட்டம் 14, இடைவெளி 1.5. ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறிவிடும், பொருந்திவிட்டது என்றே தோன்றும். பொருந்தவில்லை. டை ராடு எண்டின் கூம்பும் அப்படித்தான்: நீல மை தடவி நக்கிள் துளையில் அழுத்தி எடுத்துப் பாருங்கள், மை ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் சரிவு வேறு.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் ஆர்டிஓவிடமும் கேட்பது வேலை தொடங்கும் முன்பு. 

எல்லாம் மாட்டிய பிறகு அலைன்மெண்ட் கடைக்காரரிடம் பழைய புத்தகத்தின் எண்களை நீட்டாதீர்கள். அதிலுள்ள காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) ரேடியலுக்கு முந்தைய பயஸ் பிளை டயருக்கும் பவர் இல்லாத ஸ்டியரிங்குக்கும் எழுதப்பட்டது, பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ரேடியல் டயரும் பவர் ராக்கும் உள்ள காருக்கு 3 டிகிரிக்கு மேல் பாசிட்டிவ் காஸ்டர் கொடுத்தால்தான் நேராகப் போகும், வளைவிலிருந்து தானாகத் திரும்பும். அதற்கு முன், கடைசியாக ஒரு முறை காரை ஸ்டாண்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போதும் முழுக்க அமுங்கும்போதும் இருபக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது, டயர் எதிலும் உரசக் கூடாது, எந்தப் பால் ஜாயிண்ட்டும் மடங்கும் எல்லையைத் தொடக் கூடாது. அப்புறம், காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) போட்டாயிற்றா என்று வேறு ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.