கிட்டங்கி: திருத்தக் கூடாத ஒரு சொல்

தென் மாவட்டங்களிலிருந்து வரும் செய்திப் படிகளில் ‘நுகர்பொருள் வாணிபக் கழகக் கிட்டங்கி’ என்று இருப்பதை, மெய்ப்புத் திருத்துகிறவர் அடித்துவிட்டு ‘கிடங்கு’ என்று மாற்றுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஊர்ப்பேச்சில் சிதைந்த சொல் என்றோ கைப்பிழை என்றோ அவர் கருதிவிடுகிறார். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுவே. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களில் வணிகச் சரக்கை மொத்தமாக அடுக்கிப் பூட்டி வைக்கும் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்பதே வழங்கும் பெயர். தெலுங்கில் இன்றும் பண்டகசாலைக்கு வழங்கும் ‘கிட்டங்கி’ என்னும் சொல்லும் இதுவும் ஒன்றே. இரண்டிலும் டகரம் இரட்டிக்கும்; அங்கே அது மெலிந்து ஒலிக்கும், தமிழில் வல்லோசையாக ஒலிக்கும், வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படியானால் கிடங்கு என்று எழுதுவதில் என்ன கேடு என்று கேட்கலாம். கிடங்கு என்னும் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் பள்ளம் என்பதுதான். மதுரைக்காஞ்சி மதுரையின் அரணைச் சொல்லும்போது ‘மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்’ என்று தொடங்கி, அடுத்த அடியில் வான் தொடும் மதிலுக்குப் போகிறது. இங்கே கிடங்கு என்பது நீர் நிறைந்த அகழி. இந்த அடியைக் காட்டிச் சங்க காலத்து மதுரையில் பெரிய சரக்குக் கிடங்கு இருந்தது என்று எழுதினால், மதிலைச் சுற்றிய நீரில் மூட்டையை அடுக்கிய கதையாகிவிடும். கல் வெட்டி எடுத்த ஆழமான பள்ளத்தை இன்றும் கல்கிடங்கு என்கிறோம். மலையாளத்திலும் இதே சொல்லின் வடிவம் அகழியைக் குறிக்கும்.

இந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கும் வட்டாரத்தில், சரக்கு வைக்கும் இடத்துக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டதாலேயே கிட்டங்கி நிலைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ‘கடையும் அதன் பின்புறமுள்ள கிடங்கும்’ என்று ஒரு கிரயப் பத்திரத்தில் எழுதினால், பின்புறம் இருப்பது கட்டடமா பள்ளமா என்ற ஐயத்துக்கு இடம் உண்டு. ‘கிட்டங்கியும்’ என்று எழுதிவிட்டால் அந்த ஐயம் எழாது. பத்திரத்தில் இருப்பதைச் செம்மைப்படுத்துகிறேன் என்று மாற்றுகிறவர், தெளிவாக இருந்த ஒன்றைக் குழப்பத்துக்கு ஆளாக்குகிறார்.

பிறப்பைப் பற்றியும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. பேச்சில் வழங்கும் ‘குடோன்’ ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அது மலாய் மொழியின் ‘குடாங்’ என்னும் சொல்லிலிருந்து போனது. அந்த மலாய்ச் சொல்லுக்கே தெலுங்கு கிட்டங்கியும் தமிழ்க் கிடங்கும் மூலமாக இருக்கலாம் என்று அகராதி ஆய்வாளர்கள் கருதியிருக்கிறார்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘குடோன் என்பது தமிழ்ச்சொல்லே’ என்று அடித்துச் சொல்வதும், கிட்டங்கியை அயல்மொழிச் சொல் என்று ஒதுக்குவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். துறைமுகங்களுக்கிடையே போய்வந்த சொல்லுக்கு ஒரே ஊரை முகவரியாக எழுத முடியாது.

அடுத்தது, கிட்டங்கியை மண்டியோடும் களஞ்சியத்தோடும் குதிரோடும் கலந்து எழுதுவது. மண்டி என்பது மொத்த விற்பனை நடக்கும் இடம். அங்கே விலை பேசுவார்கள், தரகு உண்டு. கிட்டங்கியில் வியாபாரம் நடப்பதில்லை, சரக்கு காத்திருக்கும். உள்ளே போனால் தரையில் நேரடியாக எதுவும் இருக்காது. மரச்சட்டங்களைப் பரப்பி, ஈரம் ஏறாதபடி அவற்றின் மேல் மூட்டைகளை அட்டியாக அடுக்கியிருப்பார்கள். அட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகிற அளவுக்கு இடம் விட்டிருக்கும், காற்றோட்டத்துக்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் அது வேண்டும். தரம் பார்க்க வருகிறவர் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியைச் செருகி, அதன் குழிவில் வரும் தானியத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். இந்தக் காட்சிக்குப் பொருந்தாத எதையும் கிட்டங்கி என்று எழுத வேண்டாம். வீட்டுக்குள் நெல் கொட்டும் மண்கலம் குதிர். களஞ்சியம் தானியத்துக்கு உரியது, ‘தகவல் களஞ்சியம்’ என்பது போல உருவகமாகவும் வரும். கிட்டங்கிக்கு அந்த உருவக வழக்கு இல்லை. குளிரூட்டி மிளகாய் வத்தலைப் பாதுகாக்கும் கட்டடத்தைக் ‘குளிர்பதனக் கிட்டங்கி’ என்பது மட்டும் பழைய பொருளிலிருந்து விலகாமல் விரிந்த நல்ல வழக்கு.

பணத்தோடு தொடர்புடைய தவறு ஒன்றும் உண்டு; அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சரக்கை ஒப்படைத்ததும் கிட்டங்கிக்காரர் எழுதித் தரும் எந்தச் சீட்டையும் ‘கிடங்கு ரசீது’ என்று எழுதிவிடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் சேமிப்புக் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அதற்கென 2010-இல் அமைந்த ஆணையத்திடம் பதிவு பெற்ற கிடங்கு மட்டுமே கைமாற்றத்தக்க ரசீதை வழங்க முடியும். சரக்கை இடம் பெயர்க்காமலே அந்த ரசீதை மாற்றிக் கொடுத்துச் சரக்கின் உரிமையை மாற்றலாம், அதை அடமானமாக வைத்து வங்கியில் கடன் பெறலாம். பதிவில்லாத தனியார் கிட்டங்கியின் சீட்டுக்குக் கைமாற்றத்தக்க ரசீது என்னும் தகுதி இல்லை. அதை ‘ஒப்படைப்புச் சீட்டு’ என்று எழுதுவதே பொருத்தம். சட்டத்தின் பெயரிலும், 1958-இல் தொடங்கிய தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் பெயரிலும் கிடங்கு என்றே இருப்பதால், அங்கே கிட்டங்கி என்று மாற்றுவதும் அதே அளவுக்குத் தவறாகும்.

புணர்ச்சியில் இடறுவோரும் உண்டு. கிட்டங்கிச் சாவி, கிட்டங்கிக் காவலர், கிட்டங்கிப் பொறுப்பாளர் என்று வல்லெழுத்து மிகும். கிட்டங்கி வாடகை இயல்பாக நிற்கும்.

இலங்கை வாசகருக்கு எழுதும்போது களஞ்சியசாலை என்று எழுதுவதே நல்லது, அரச அலுவலகங்களிலும் அதுவே வழக்கு. கல்முனைப் பக்கத்தில் கிட்டங்கி என்பது ஓர் ஊர்ப்பெயர். அங்கே உள்ள தாம்போதியின் (நீர்நிலையைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலத்தின்) மேல் மழைக்காலத்தில் வெள்ளம் பாய்ந்து, நாவிதன்வெளிக்குப் போகும் வழி அடைபடும். ‘கிட்டங்கியில் வெள்ளம்’ என்று நீங்கள் தலைப்பிட்டால், கிழக்கு மாகாணத்தில் அதைப் படிக்கிறவர் நனைந்த மூட்டைகளை நினைக்க மாட்டார், மறுகரைக்கு எப்படிப் போவது என்றுதான் நினைப்பார்.